நாற்பத்தேழாம் இலக்கத்து ஆள்

ஆர்டன்வில் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் எந்தப் பொதுக் காரியத்துக்கும் வீட்டுக்கு ஒரு ஆள் போக வேண்டும். சாவு விழுந்தால் குழி வெட்ட வீட்டுக்கு ஒரு ஆள். மழையில் பாதை சரிந்தால் மண் அள்ள வீட்டுக்கு ஒரு ஆள். மாரியம்மன் திருவிழாவுக்குப் பந்தல் போடவும், அந்தோனியார் திருநாளுக்குப் புல் செதுக்கவும், சங்கக் கூட்டத்தில் கை தூக்கவும் அப்படித்தான். எந்த ஆள் என்று யாரும் கேட்பதில்லை. இந்த ஏற்பாட்டின் அழகே அதில்தான் இருக்கிறது. ஒரு வீட்டில் ஐந்து பேர் என்றால் ஒருவர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார், ஒருவருக்குக் காய்ச்சல், இருவர் பள்ளிக்கூடத்தில். மிச்சம் இருப்பவர் போவார். போனவர்தான் அந்த நேரத்துக்கு அந்த வீடு. யாருமே மிச்சமில்லை என்றால் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் பக்கத்துக் காம்பராவிலிருந்து, அதாவது அடுத்த வீட்டிலிருந்து, ஒருவர் போவார். அடுத்த தடவை இவர்கள் அவர்களுக்காகப் போவார்கள். குழிக்குள் இறங்கி வெட்டியது மாமியாரா மருமகனா என்று செத்தவர் கேட்பதில்லை. குழி ஆழமாக இருந்தால் போதும்.

நூறு வருடத்துக்கு மேலாகப் பிசகாமல் ஓடிய இந்த ஏற்பாடு ஒரே ஒரு விஷயத்தில்தான் இடறியது. அது லூக்காஸின் குடி.

லூக்காஸ் தோட்டத்து லொறியை ஓட்டுபவர். வயது நாற்பத்திரண்டு. லொறிக்கு இரண்டு வேலைகள். காலையில் கீழ்ப்பிரிவுப் பிள்ளைகள் இருபத்தாறு பேரை ஏற்றிப்போய்ப் பசறைப் பள்ளிக்கூடத்தில் இறக்க வேண்டும். பிறகு பகல் முழுக்கக் கொழுந்து மூட்டைகளைத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். மேலே ஸ்டோரிலிருந்து கீழ்ப்பிரிவு வழியாகப் பசறை வரைக்கும் பத்தொன்பது வளைவுகள், எல்லாமே இறக்கம். இறக்கத்தில் லொறியைப் பிடித்து வைப்பது பிரேக் என்று பலர் நினைக்கிறார்கள். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் ஐந்தாறு வளைவுக்குள் அது சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். லொறியைப் பிடித்து வைப்பது கியர். வளைவுக்கு முன்னாலேயே இரண்டாம் கியருக்கு இறக்கிவிட்டால், இஞ்சின் தானே லொறியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். இதை லூக்காஸ் பதினைந்து வருடமாகச் செய்துவந்தார்.

இந்த வருடம் தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை, பிள்ளைகளை ஏற்ற வெறும் லொறியோடு ஸ்டோரிலிருந்து இறங்கும்போது, நான்காவது வளைவில் கியர் மாற்றத் தவறி லொறியைப் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் விட்டார். ஒருவருக்கும் காயமில்லை. ஸ்டெப்னி டயர் மட்டும் கழன்று தேயிலைக்குள் உருண்டுபோய் இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது.

லூக்காஸ் ஒவ்வொரு சாயங்காலமும் அரைப் போத்தல் குடிப்பார் என்பது லயத்துக்கே தெரியும். அதனால் காரணம் தேட யாரும் சிரமப்படவில்லை. தோட்ட நிர்வாகியான பெரிய துரை சாவியை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டார்.

"பதுளையில கவுன்சிலிங் குடுக்கிற இடம் ஒண்ணு இருக்கு. எட்டு நாள் போ. அவங்க லெட்டர் குடுத்தா சாவி. அது வரைக்கும் மலையில தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டு" என்றார்.

அன்றிலிருந்து பிள்ளைகள் குறுக்குப் பாதையில் ஒன்றரை மணி நேரம் நடந்து பள்ளிக்கூடம் போனார்கள். மழை நாட்களில் பாதிப் பேர் போகவில்லை. ஆகவே லூக்காஸுக்கு அந்தக் கடிதம் கிடைப்பது கீழ்ப்பிரிவின் பொதுக் காரியமாயிற்று.

பதுளையில் பஸ் நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில், 'மறுகரை' என்ற உளவளத்துணை நிலையம் இருந்தது. அங்கே வேலை நடக்கும் முறை எளிமையானது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. ஓர் அறை, இரண்டு நாற்காலிகள். நேருக்கு நேர் போட்டால் பொலிஸ் விசாரணை போலாகிவிடும், பக்கத்தில் பக்கத்தில் போட்டால் பஸ் போலாகிவிடும் என்பதால் இரண்டும் கொஞ்சம் சாய்த்துப் போடப்பட்டிருக்கும். மணிக்கூடு வருபவரின் தலைக்குப் பின்னால் மாட்டியிருக்கும். உளவளத்துணையாளர் தன் கையைத் திருப்பிப் பார்க்காமலே நேரத்தை அறியலாம். கண் துடைக்கும் கடதாசிப் பெட்டி வருபவரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அதை எடுத்து நீட்டக் கூடாது. நீட்டினால், அழுதது போதும் என்று சொல்வதாகிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் வருவது. கூட்டத்தில் உட்காரும் ஆள், தன்னைப் பற்றி ஊர் ஏற்கெனவே சொல்லிவைத்திருப்பதைத்தான் திருப்பிச் சொல்வார். தனியாக உட்காரும்போது ஒத்துப்போவதற்கு யாரும் இருக்க மாட்டார்கள்.

இரகசியம் காப்பதற்காக அங்கே பெயர் எழுதுவதில்லை. ஒரு நீல அட்டையில் இலக்கம் மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். அட்டையோடு வருபவர் அந்த இலக்கம். லூக்காஸுக்குத் தபாலில் வந்த அட்டையில் நாற்பத்தேழு என்று இருந்தது. கூடவே ஒரு கடிதமும் வந்தது. அதைத் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் பொன்னையா இஸ்தோப்புத் திண்ணையில் நின்று உரக்க வாசித்தார். சனிக்கிழமைதோறும் பத்து மணிக்கு வரவேண்டும், தனியாக ஒருவர் மட்டுமே வரவேண்டும், மூன்று தடவை வராவிட்டால் கோப்பு மூடப்படும்.

"ஒரு ஆளு வந்தாப் போதுமாம்" என்று பொன்னையா கடிதத்தை மடித்தார். "நல்ல காரியம். கூட்டமா வரச் சொன்னாத்தான் கஷ்டம்."

முதல் சனிக்கிழமை லூக்காஸால் தலை தூக்க முடியவில்லை. மனைவி பிரான்சிஸ்கா இரண்டு தடவை தட்டி எழுப்பிப் பார்த்தார். பிறகு கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, அட்டையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

நிலையத்தின் உளவளத்துணையாளர் ரொஷானி, வேலைக்கு வந்து ஒரு வருடமான இளம் பெண். அவர் கோப்பைப் பார்த்தார், பிரான்சிஸ்காவைப் பார்த்தார்.

"இதுல ஆண்னு போட்டிருக்கே அக்கா."

"ஆமாங்க மிஸ். அது எங்க வீட்டுக்காரரு. அவரு படுத்திருக்காரு. நான் வந்திருக்கேன்."

"அவருக்குத்தானே பிரச்சினை?"

"வீட்டுக்குத்தாங்க."

ரொஷானி பொறுமையாக விளக்கினார். "இப்ப ஒருத்தருக்குச் சுகமில்ல. மருந்த யாரு குடிக்கணும்? சுகமில்லாதவருதானே?"

"பால் குடிக்கிற புள்ளைக்கு வயித்தால போனா தாய்தான் மிஸ் பத்தியம் இருப்பா. புள்ளை இருக்காது."

ரொஷானி பேனாவை எடுத்தார். வரவில்லை என்று எழுதினால் மூன்றில் ஒன்று போய்விடும். ஆகவே வந்தார் என்ற கட்டத்தில் சரி போட்டார். பிரான்சிஸ்கா ஐம்பது நிமிடம் பேசினார். பத்தொன்பது வருடத்தில் யாரும் அவரிடம் இப்படிக் குறுக்கே பேசாமல் உட்கார்ந்து கேட்டதில்லை. போகும்போது கடதாசிப் பெட்டி காலியாக இருந்தது.

"அடுத்த கிழமை அவர அனுப்புங்க" என்றார் ரொஷானி.

"சொல்றேன் மிஸ். ஆனா அடுத்த கிழமை தலைவரோட முறை."

பொன்னையா சங்கக் கூட்டத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் வந்தார். குடையைக் கதவோரம் சாத்திவிட்டு, நாற்காலியை இழுத்து ரொஷானிக்கு நேரெதிரே போட்டுக்கொண்டார். பேச்சுவார்த்தைக்கு அவர் அப்படித்தான் உட்காருவார்.

"ஐயா, நீங்க குடிப்பீங்களா?"

"இல்லைங்க. ஆனா இன்னைக்குக் குடிக்கிற ஆளாத்தான் வந்திருக்கேன். கேளுங்க."

ரொஷானி அரை மனதோடு கேட்டார். "எதனால குடிக்கிறீங்க?"

"நிர்வாகத்தோட போக்கு சரியில்லைங்க."

"குடியை நிறுத்தணும்னு நினைக்கிறீங்களா?"

பொன்னையா முன்னால் சாய்ந்தார். "மிஸ், ஒரேயடியா நிறுத்துன்னா தொழிலாளி ஏத்துக்க மாட்டான். முதல் கட்டமா அரையக் காலாக் குறைப்போம். திருநாளு, கலியாணம், எழவு மூணுக்கும் விதிவிலக்கு. ஆறு மாசம் கழிச்சு ரெண்டு தரப்பும் உக்காந்து பேசுவோம். நீங்களும் கொஞ்சம் எறங்கி வரணும்."

"நான் எங்க ஐயா எறங்கி வாறது? நான் குடிக்கலையே."

"அதத்தான் துரைமாரும் சொல்லுவாங்க."

அன்று ரொஷானி தலைவலியோடு வீட்டுக்குப் போனார். நாற்பத்தேழாம் இலக்கத்தின் வீட்டுக்குத் தானே நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதினார். ஆனால் திங்கட்கிழமை அவரை ஆறு வாரப் பயிற்சிக்காகக் கொழும்புக்கு அழைத்துவிட்டார்கள். அவருடைய இடத்துக்கு வேறு ஆள் இல்லாததால், கோப்புகளை அடுக்கித் தேத்தண்ணீர் ஊற்றும் ஸரூக் என்பவரை உட்காரவைத்தார்கள். அவரிடம் அச்சடித்த கேள்வித்தாள் ஒன்றும், உளவளத்துணையாளர் செய்யவேண்டியவை, செய்யக் கூடாதவை என்ற சிறிய கையேடு ஒன்றும் இருந்தன. வருபவரின் பெயரைக் கேட்கக் கூடாது என்பது கையேட்டின் முதல் விதி.

கீழ்ப்பிரிவிலிருந்து மூன்றாம் சனிக்கிழமை வந்தவர் இராக்கம்மா. வயது அறுபத்திரண்டு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், லூக்காஸின் பக்கத்துக் காம்பரா. வேலை இல்லாததால் மிச்சம் ஆறு நாளும் அவரே போவது என்று முடிவாகியிருந்தது. அதைவிட நல்ல தெரிவு இருக்க முடியாது. லயத்தில் காம்பராக்களை இரண்டாகப் பிரிக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பி நின்றுவிடும். அதற்கு மேல் இரண்டு வீட்டுக்கும் ஒரே தகரக் கூரை. இந்தப் பக்கம் பிடித்த இருமல் தகரத்தில் பட்டு அந்தப் பக்கம் இறங்கும். லூக்காஸின் வாழ்க்கை பத்தொன்பது வருடமாக இராக்கம்மாவின் படுக்கையில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஸரூக் கேள்வித்தாளை வாசித்தார். "கடைசியா எப்ப குடிச்சீங்க?"

"நேத்து ஏழே முக்காலுக்கு" என்றார் இராக்கம்மா. ஒருவருக்காகப் போனால் அவராகவே பதில் சொல்வதுதான் முறை. "பொஞ்சாதிகிட்ட காலுன்னு சொன்னேன். அரை."

ஸரூக் நிமிர்ந்து பார்த்தார். நரைத்த கொண்டை, மடியில் வெற்றிலைப் பை. பெயரைக் கேட்க முடியாது. அடுத்த கேள்விக்குப் போனார். "குடிச்ச பிறகு என்ன செய்வீங்க?"

"அழுவேன். அப்புறம் பாட்டுப் படிப்பேன். பக்கத்துக் காம்பராவுல ஒரு வயசான பொம்பளை இருக்கு. தங்கமான பொம்பளை. என்னால அதுக்குத் தூக்கமே இல்ல. அத நெனச்சா எனக்கே வெக்கமாத்தான் இருக்கு."

இவ்வளவு நேர்மையாக ஒருவர் தன் குற்றத்தை ஒத்துக்கொண்டதை ஸரூக் பார்த்ததேயில்லை. ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார்.

இப்படி மூன்று சனிக்கிழமைகள் போயின. பிறகு ஸரூக் கையேட்டின் ஐந்தாம் பக்கத்துக்கு வந்தார். வருபவர் மற்றவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அவரை மெதுவாகத் தன்னைப் பற்றிப் பேசத் திருப்ப வேண்டும் என்று அங்கே இருந்தது. இராக்கம்மா அடிக்கடி அந்தத் தங்கமான பொம்பளையைப் பற்றியே பேசுவது அவர் நினைவுக்கு வந்தது.

"அம்மா, இனிமே மத்தவங்களப் பத்தி வேணாம். ஒங்களப் பத்தி மட்டும் சொல்லுங்க. நீங்க, இந்த நாற்காலியில உக்காந்திருக்கிற நீங்க. இந்தக் கிழமை குடிச்சீங்களா?"

இராக்கம்மா யோசித்தார். படித்தவர் கேட்கிறார், பொய் சொல்லக் கூடாது. "இல்ல தம்பி."

"ஒரு சொட்டுக் கூட?"

"சத்தியமா இல்ல."

"ஆசை வந்திச்சா?"

"சீ. அந்த நாத்தமே எனக்கு ஆகாது."

ஸரூக் கோப்பை இழுத்துக்கொண்டார். குடிப்பதை முற்றாக நிறுத்திவிட்டார், மணத்தில் வெறுப்பு உண்டாகிவிட்டது என்று எழுதி அடிக்கோடு போட்டார். அடுத்த இரண்டு வாரமும் அப்படியே. ஆறாம் வார முடிவில் கோப்பு கொழும்புத் தலைமையகத்துக்குப் போனது. அங்கே இருந்தவர்கள் கோப்பை வாசித்தார்கள். ஆளைப் பார்ப்பது அவர்கள் வேலையல்ல.

கீழ்ப்பிரிவில் ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் ஒரு நிகழ்ச்சி நடந்தது. பதுளைக்குப் போய் வந்தவர் லூக்காஸின் இஸ்தோப்பில் உட்கார்ந்து, அன்று கேட்டதையும் சொன்னதையும் ஒப்புவிப்பார். லயமே கூடிக் கேட்கும். லூக்காஸ் கையில் கிளாஸோடு நடுவில் உட்கார்ந்து, தன்னைப் பற்றிச் சொல்லப்படுவதற்கெல்லாம் தலையாட்டுவார். மறுத்துச் சொல்ல அவரிடம் எதுவும் இல்லாததுபோல் இருந்தது. இதில் பலன் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. பிரான்சிஸ்கா கண்ணாடி முன்னால் நின்று தனக்குத் தானே பேசப் பழகிக்கொண்டார், மனசு லேசாகிறது என்றார். பொன்னையா பீடியை விட்டுவிட்டார். இராக்கம்மாவுக்கு ஆறு வாரமாக நல்ல தூக்கம். நாற்பத்தேழாம் இலக்கம் என்ற அந்த ஆள், கூட்டிப் பார்த்தால், மிகவும் சுகமாகத்தான் இருந்தார். லூக்காஸ் மட்டும் அரைப் போத்தலில் இருந்தார்.

வைகாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. நாற்பத்தேழாம் இலக்கத்தவர் குடியிலிருந்து முற்றாக விடுபட்டார், இவரை மற்றவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டலாம் என்று எழுதியிருந்தது. துரை லாச்சியைத் திறந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, "திங்கக்கெழம காலையில புள்ளைங்கள ஏத்து" என்றார். பிறகு தன் வீட்டுக்குப் பண்டாரவளைக்குப் போய்விட்டார்.

லயத்தில் மாலை தயாராக இருந்தது. பொன்னையா பேசினார். "நாம ஜெயிச்சிட்டோம்" என்று முடித்தார்.

லூக்காஸ் மாலையோடு அவர் காதருகே குனிந்தார். "தலைவரே, நான் இன்னும் குடிக்கிறேனே."

"அது தெரியும் தம்பி. அதான் லெட்டர் வந்திருச்சே."

அன்றிரவு லூக்காஸ் சாப்பிடும்போது அவருடைய மகள் நிலக்ஷனா, பதின்மூன்று வயது, பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு வெள்ளை அடித்துக்கொண்டே கேட்டாள். "அப்பா, திங்கக்கெழம நான் முன்னுக்கு உங்களுக்குப் பக்கத்துல உக்காரவா?"

லூக்காஸ் சோற்றை முடிக்காமல் கை கழுவினார்.

மறுநாள் சனிக்கிழமை. எட்டுத் தடவையும் முடிந்துவிட்டதால் யாருடைய முறையும் இல்லை. லூக்காஸ் பழைய நீல அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பதுளைக்குப் பஸ் ஏறினார்.

பயிற்சி முடிந்து முந்திய நாள்தான் திரும்பியிருந்த ரொஷானி, வாசலில் நின்ற ஆளைப் பார்த்தார். இதற்கு முன் பார்த்த முகம் அல்ல.

"நாப்பத்தேழுங்க மிஸ்."

"நாப்பத்தேழு சுகமாகிட்டாரே. கோப்புல இருக்கு."

"அது இராக்கம்மாங்க."

"அப்ப நீங்க யாருக்காக வந்திருக்கீங்க?"

லூக்காஸ் அட்டையை நீட்டினார். "எனக்காகங்க."

கோப்பு மூடியாகிவிட்டது. சுகமானவரை ஆறு மாதத்துக்கு மீண்டும் சேர்க்க முடியாது. புதிய இலக்கத்துக்குத் தலைமையகம் கடிதம் தர வேண்டும். சுகமாகிவிட்டவருக்குத் தலைமையகம் கடிதம் தராது. இதையெல்லாம் ரொஷானி சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். கோப்பை லாச்சிக்குள் போட்டார்.

"உக்காருங்க. ஐம்பது நிமிசம் இருக்கு."

"இலக்கம்?"

"இல்லாம உக்காருங்க."

லூக்காஸ் உட்கார்ந்தார். பிறகு, கீழ்ப்பிரிவு எல்லோரும் சொல்வதையே சொன்னார். சாயங்காலம் அரைப் போத்தல் அடிப்பேன், அழுவேன், பாட்டுப் படிப்பேன், அதனால்தான் லொறி கானுக்குள் போனது. சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் ஆனது.

"இது எனக்குத் தெரியும். எல்லாரும் சொல்லியிருக்காங்க" என்றார் ரொஷானி. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

பேசாமல் இருப்பது இந்த வேலையின் கஷ்டமான பகுதி. அரை நிமிடத்தில் யாருக்கும் வாய் துறுதுறுக்கும். பரவாயில்லை, அடுத்த தடவை பார்க்கலாம் என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவர் நன்றியோடு தப்பித்துப் போய்விடுவார். ஆகவே பேசாமல் இருப்பவர் அதைப் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கீழே கடையில் ஒருவர் சைக்கிளுக்குக் காற்றடித்து முடித்தார். இன்னொரு சைக்கிளும் வந்து காற்றடித்துக்கொண்டு போனது. இங்கே லயம் இல்லை, எடுத்துக்கொடுக்க இராக்கம்மா இல்லை. மணிக்கூட்டில் ஒன்பது நிமிடம் போனது.

"அன்னைக்கு நான் குடிக்கலைங்க மிஸ்."

ரொஷானி பேனாவைக் கீழே வைத்தார்.

"சாம்பல் புதன் அன்னைக்கு நிறுத்தினேன். தவக்காலம் நாப்பது நாளும் தொடக்கூடாதுன்னு. யாருகிட்டயும் சொல்லல. இதுக்கு முந்தி நாலு தடவை சொல்லிட்டு விட்டுட்டேன், லயமே சிரிச்சிச்சு. புதன் தொடல, வியாழன் தொடல. வெள்ளிக்கெழம லொறிய எடுத்தா கை ஆடுது. கியர்ல கைய வைக்கிறேன், அது என் கையாவே இல்ல. நாலாவது வளைவுல கியரு விழல."

அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"குடிச்சதால விழுந்தேன்னு எல்லாரும் சொல்றாங்க. குடிக்காததாலதான் விழுந்தேன். நாலு வருசமாக் காலையில ஸ்டோருக்குப் பின்னால நின்னு ஒரு மொடக்குக் குடிச்சிட்டுத்தான் ஏறுவேன். அப்பத்தான் கை நிக்கும். இது வீட்டுல யாருக்கும் தெரியாது. இராக்கம்மாக்காவுக்கும் தெரியாது. அந்த மொடக்கோடதான் இருபத்தாறு புள்ளைய இறக்கத்துல கொண்டு போயிருக்கேன். என் புள்ளையும்தான். இப்ப சாவி கைக்கு வந்திருச்சு. திங்கக்கெழம குடிச்சிட்டு ஏறுறதா, குடிக்காம ஏறுறதா? நீங்க சொல்லுங்க."

"ரெண்டுமில்ல" என்றார் ரொஷானி. "ஏறவே வேணாம்."

பிறகு அவர் லூக்காஸுக்கு விளங்கும் விதத்தில் விளக்கினார். குடி என்பது உடம்பை அமுக்கும் பிரேக். வருடக்கணக்கில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால், அதை எதிர்த்து ஓடுவதற்காக உடம்பு எந்நேரமும் அக்ஸிலேட்டரை மிதிக்கப் பழகிவிடும். திடீரென்று குடியை எடுத்துவிட்டால்...

"பிரேக்க விட்டுட்டோம், மத்தக் கால் மிதிச்சபடியே இருக்கு" என்றார் லூக்காஸ். "எகிறும்."

"அதேதான். கை ஆடும். சிலருக்கு வலிப்பே வரும். அதனால வீட்டுல தனியா நிறுத்தக் கூடாது. ஆஸ்பத்திரியில, டொக்டர் பார்வையில, மருந்து குடுத்து அந்தக் காலைக் கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கணும். அஞ்சாறு நாள் ஆகும். அது உடம்புக்கு. அதுக்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் இங்க வரணும், அது மத்ததுக்கு. இப்பவே போகலாமா? நான் கூட வாறேன்."

"சாவியக் குடுக்கணும் மிஸ். துரை திங்கக்கெழம காலையிலதான் வருவாரு."

"நான் போன்ல சொல்லிடுறேனே."

லூக்காஸ் தலையை ஆட்டினார். "அத நான்தான் சொல்லணும்."

அது வரைக்கும் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், குறைத்துக்கொள்ளுங்கள், லொறியைத் தொடாதீர்கள் என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார் ரொஷானி. "யாரு வரணும்னு விளங்கிச்சா?"

"விளங்குதுங்க."

"ஒங்களுக்குக் காய்ச்சல்னா?"

"நான்தாங்க."

திங்கட்கிழமை காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு எல்லோரும் கூடியிருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், பள்ளிக்கூடப் பைகளோடு இருபத்தாறு பிள்ளைகள் இன்னொரு பக்கம். லூக்காஸ் மாற்றுத் துணிகள் வைத்த பையோடு வந்து துரையிடம் சாவியை நீட்டினார். காலை மொடக்கு இல்லாததால் சாவிக்கொத்து கிலுகிலுவென்று சத்தமிட்டது.

துரைக்கு விளங்கவில்லை. "லெட்டர் வந்திருக்கே. முன்மாதிரின்னு போட்டிருக்கே."

"லெட்டர்ல இருக்கிற ஆளு நான் இல்லைங்க."

"அப்ப யாரு?"

பிரான்சிஸ்கா கை தூக்கினார். பொன்னையா கை தூக்கினார். இராக்கம்மா, கொஞ்சம் பெருமையோடு, இரண்டு கைகளையும் தூக்கினார்.

துரை மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல யாருக்காவது லைசன் இருக்கா?"

யாருக்கும் இல்லை.

பிறகு லூக்காஸ் பேசினார். காலை மொடக்கைப் பற்றி, நாலு வருடத்தைப் பற்றி, பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லோரும் கேட்கும்படி சொன்னார்.  ஒரு தாய் தன் மகனை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். பின்னாலிருந்து ஒருவர், "படுபாவி" என்றார். இன்னொருவர் அதைவிட மோசமாகச் சொன்னார். நிலக்ஷனா தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரான்சிஸ்கா கையைக் கீழே போட மறந்து நின்றார்.

"பத்தொன்பது வருசமாக் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்று இராக்கம்மா முணுமுணுத்தார். "இது எனக்கே தெரியாதே."

துரை சாவியை வாங்கிக்கொண்டார். இனி அது திரும்பி வருமா என்று அவரும் சொல்லவில்லை, லூக்காஸும் கேட்கவில்லை. "எத்தனை நாள் ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டார்.

"ஆறு நாள்ங்க."

பொன்னையா அதற்குள் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்திருந்தார். கோபமிருந்தாலும் முறை முறைதான். "ஆறு நாளுன்னா ஆறு ஆளு. முதல் நாள் படுக்கப் பிரான்சிஸ்கா போகட்டும், ரெண்டாம் நாள் நான்..."

"வேணாம் தலைவரே."

"சும்மா இரு தம்பி. ஒன் மேல இப்ப எல்லாருக்கும் ஆத்திரம். அதுக்காக ஒன் முறைய விட்டுற முடியுமா?"

"இந்த வியாதிக்கு முறை இல்லைங்க" என்று சொல்லிவிட்டு லூக்காஸ் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பிள்ளைகள் முன்னாலேயே குறுக்குப் பாதையில் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். அவர் அவர்களுக்குப் பின்னால், தூரம் விட்டு நடந்தார். நிலக்ஷனா ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. பசறையில் பள்ளிக்கூட வாசலுக்குள் போகும் முன், தன் தண்ணீர்ப் போத்தலை மதிலின் மேல் வைத்துவிட்டுப் போனாள். லூக்காஸ் வந்து, அது தனக்குத்தானா என்று கொஞ்ச நேரம் யோசித்து, எடுத்துக்கொண்டார்.

பதுளை பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டில் இராக்கம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தலையணை. மேட்டில் வந்த ஒரு சின்னப் பட்டா லொறியில் ஏறி முந்திக்கொண்டிருந்தார்.

"இராக்கம்மாக்கா, எறங்குங்க."

"டிக்கட் எடுத்துட்டேன். ஒருவேளை ஒன்னைய வேணாம்னுட்டா? கட்டிலு சும்மா கெடக்கக் கூடாதுல்ல."

பதுளை வரைக்கும் அவர் அந்த மொடக்கைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார். என்ன போத்தல், எங்கே ஒளித்து வைப்பது, எத்தனை மணிக்கு. லூக்காஸ் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடைசிப் பதில்களைச் சொல்லும்போது அவருக்குப் பல் கிட்டிக்கொண்டது. சட்டை முதுகோடு நனைந்திருந்தது.

வார்ட்டு வாசலில் தாதி கடிதத்தை வாங்கிப் பார்த்தார். எதிரில் இரண்டு பேர். ஒருவர் பையோடு, ஒருவர் தலையணையோடு.

"யாரு நோயாளி?"

இராக்கம்மா வாயைத் திறந்தார். லூக்காஸ் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தார். அவை மேசையில் நிற்கவில்லை; பேனாவும் கடதாசி குத்தும் ஆணியும் கூட அவற்றோடு சேர்ந்து ஆடின. தாதி கடிதத்தை மூடினார். எழுந்து வந்து அவருடைய தோளைப் பிடித்து, இராக்கம்மாவிடம் தலையணையை மட்டும் வாங்கிக்கொண்டு, லூக்காஸை உள்ளே கூட்டிப் போனார்.